அலையாடிகளுக்கு மூன்று ஆணைகள்

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமாபுரியின் இளைய பிளினி தம் நண்பரும் கவிஞருமான கனினியஸ் ரூஃபஸுக்கு ஒரு மடல் எழுதினார். விருந்தொன்றில் கேட்ட செய்தி அது; நடந்தது, ஆயினும் கட்டுக்கதைபோல் ஒலிப்பது; கவிஞனுக்கு ஏற்ற பொருள் என்று சொல்லி அதை அனுப்பிவைத்தார். அம்மடல் இன்றும் கிடைக்கிறது. ஓங்கில்களைப் பற்றி மனிதன் எழுதியவற்றுள் இதைவிட மனத்தை உறுத்துவது ஒன்றை நான் படித்ததில்லை.

(டால்பின் என்றே எழுதலாம், பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் ஓங்கில் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ‘ஓங்கு’ என்னும் வினையோடு ஒலியில் உறவாடி, நீரைக் கிழித்து மேலெழும் அவ்வுயிரைக் கண்முன் நிறுத்தும் சொல்லைக் கைவிட மனம் வரவில்லை. நண்பர்கள் பொறுத்தருள்க.)

மடலில் உள்ள நிகழ்ச்சி, இன்று துனீசியா நாட்டில் பிசெர்ட்டா என்று வழங்கும் ஹிப்போ என்னும் ஊரில் நடந்தது. கடலை ஒட்டி ஒரு காயல்; காயலையும் கடலையும் இணைக்கும் ஓர் ஓடை; ஏற்றவற்றத்திற்கு ஏற்ப நீர் உள்ளே புகுந்தும் வெளியே பாய்ந்தும் ஓடும். ஊர்ச் சிறுவர்களுக்கு நீந்துவதே பொழுதுபோக்கு. கரையையும் தோழர்களையும் பின்னே விட்டு எவன் மிகத் தொலைவு செல்கிறானோ அவனே வென்றவன். அப்படித் தொலைவு சென்ற சிறுவன் ஒருவனை ஓர் ஓங்கில் எதிர்கொண்டது. முன்னே சென்றது, பின்னே வந்தது, சுற்றி வளைத்தது, அடியில் புகுந்து முதுகில் ஏற்றியது, நழுவவிட்டது, மீண்டும் ஏற்றியது; நடுங்கிக்கொண்டிருந்த பையனை ஆழத்துக்குக் கொண்டுபோய், பிறகு திரும்பிக் கரையில் சேர்த்தது.

மறுநாள் ஊரே கரையில் கூடியது. சிறுவர்கள் அஞ்சி விலகினர். ஓங்கிலோ துள்ளியும் மூழ்கியும் வளைந்தும் அவர்களை அழைப்பதுபோல் ஆடியது. பல நாள் இப்படிச் சென்றபின், கடலோடு வளர்ந்த நமக்கு இந்த அச்சம் தகுமா என்று ஊரார்க்கே வெட்கம் வந்ததாம். நெருங்கினர், தொட்டனர், தடவினர். முதலில் சுமக்கப்பட்ட பையன் துணிந்து அதன் முதுகில் ஏறினான். பக்கத்தில் இன்னொரு ஓங்கிலும் வந்துகொண்டிருந்தது. அது யாரையும் தொடவிடவில்லை, எதிலும் கலந்துகொள்ளவில்லை. தோழனைக் கொண்டுவந்து விட்டுப் பின் அழைத்துச் செல்வதோடு சரி. இந்த இரண்டாவது ஓங்கிலைக் குறித்துவைத்தமைக்காகவே பிளினியை நான் நம்புகிறேன். கதை கட்டுபவனுக்கு இப்படியொரு வேலையற்ற பாத்திரம் தோன்றாது.

பிறகு அதிகாரிகள் வந்தனர். ஆளுநரின் துணைவரான ஆக்டேவியஸ் அவிட்டஸ், ஓங்கில் கரையேறிக் கிடந்தபோது சமயப் பற்று மேலிட்டு அதன்மேல் நறுமணத் தைலத்தை ஊற்றினார். மணம் தாங்காமல் அது ஆழ்கடலுக்கு ஓடி, பல நாள் கழித்துச் சோர்ந்த உடலோடு திரும்பி, மெல்ல மெல்லப் பழைய ஆட்டத்தைத் தொடங்கியது. (மாமனாகிய மூத்த பிளினியும் தம் இயற்கை வரலாற்று நூலின் 9ஆம் பகுதியில் இதே செய்தியைச் சொல்கிறார்; அவரிடத்தில் தைலம் பூசியவர் ஆளுநர் ஃபிளேவியானஸ்.) வேடிக்கை பார்க்க வந்த அலுவலர் கூட்டத்துக்கு விருந்தளித்தே அச்சிற்றூரின் கருவூலம் கரைந்தது; ஊரின் அமைதியும் போயிற்று. இத்தனைக்கும் காரணமானதை மறைவாகக் கொன்றுவிடுவது என்று முடிவாயிற்று, கொன்றும் விட்டனர்.

வகுப்பில் ஒருமுறை இதைச் சொன்னேன். கடற்கரைச் சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, “கொன்னது தப்புதான் ஐயா. ஆனா விருந்தாளிக்குச் சோறு போட்டே அந்த ஊரு அழிஞ்சிருக்கும்” என்றாள். ஓங்கிலுக்காக மட்டுமே வருந்திக்கொண்டிருந்த எனக்கு அது சுருக்கென்றது. அந்த ஊர் ஓங்கிலை வெறுக்கவில்லை. ஓங்கிலைக் காண வந்தவர்களை விரட்டும் வலிமை அதற்கில்லை.

இந்தக் கதை திரும்பத் திரும்ப நிகழ்ந்த கரை ஒன்று உலகின் மறுகோடியில் உள்ளது. நியூசிலாந்துக் கரை அது. அங்கே அலையில் ஆடிய ஓங்கில்களுக்காக அரசு வெவ்வேறு காலங்களில் ஆணைகள் பிறப்பித்தது. அவற்றுள் மூன்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், நமக்கும் அவற்றுக்கும் இடையே என்ன நேர்ந்தது என்பது ஒருவாறு புலப்படும்.

முதல் ஆணை 1904ஆம் ஆண்டினது. நியூசிலாந்தின் வடதீவுக்கும் தென்தீவுக்கும் இடையே குக் நீரிணை இருக்கிறது. வெலிங்டனிலிருந்து நெல்சனுக்குச் செல்லும் நீராவிக் கப்பல்களைப் பெலோரஸ் நீர்க்கழிக்கு அருகே 1888 முதல் ஓர் ஓங்கில் எதிர்கொண்டு வந்தது. ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளம், வெண்சாம்பல் உடல், ரிஸ்ஸோ ஓங்கில் என்னும் இனம். கப்பலின் முகப்பில் எழும் அலையில் ஏறிச் சில கிலோமீட்டர் உடன்வரும். கப்பலின் பக்கங்களில் உடலை உராய்ந்துகொள்ளும். ஃபிரெஞ்சு கணவாய் என்னும் குறுகிய, சுழல் மிக்க நீர்வழி நெருங்கும்போது விலகிவிடும். மாலுமிகள் அதற்குப் பெலோரஸ் ஜாக் என்று பெயரிட்டனர். ஆணா பெண்ணா என்று எவரும் அறிந்ததில்லை. பெயர் மட்டும் ஆணின் பெயர். அந்நீர்க்கழிக்கு உரிய நாட்டி கூயா மவோரி மக்களுக்கோ, தம் முன்னோர் காலந்தொட்டு அங்கே காவல் நிற்கும் கைகையாவரோவே அந்த ஓங்கில்.

சுழல் மிக்க கணவாய்க்குள் கப்பல்களை வழிநடத்தியது என்று பயணக் கையேடுகள் எழுதின. அது கணவாய்க்குள் நுழைந்ததே இல்லை. விளையாட்டைத் தொண்டாக மாற்றிச் சொன்னால்தான் நமக்கு நிறைவு ஏற்படுகிறது போலும். பென்குவின் என்ற கப்பலிலிருந்து எவனோ அதைச் சுட்டான் என்றும், அதன்பின் அந்தக் கப்பலோடு மட்டும் அது வரவே இல்லை என்றும் ஒரு கதை உண்டு. 1909 பிப்ரவரியில் அக்கப்பல் மூழ்கி 75 பேர் இறந்தபின் கதைக்கு ஊழ்வினையின் சாயலும் ஏறிவிட்டது.

1904 செப்டம்பர் 26 அன்று வெளிவந்த ஆணை, குக் நீரிணையிலும் அதை அடுத்த நீர்நிலைகளிலும் ரிஸ்ஸோ ஓங்கிலைப் பிடிப்பதைத் தடைசெய்தது. ஆணையில் ஜாக்கின் பெயர் இல்லை. ‘மீன் அல்லது பாலூட்டி’ என்று எழுதிவைத்தார்கள். எது என்று தீர்மானிக்கும் பொறுப்பைச் சட்டம் ஏற்கவில்லை! (இவ்வுயிர் மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் தருகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதி அப்போதே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.) இனத்தின் பெயரால் இயற்றப்பட்டாலும் ஒரே ஒரு விலங்கை எண்ணி இயற்றப்பட்ட சட்டம் அது என்பது எல்லோருக்கும் தெரியும். காப்பு வேண்டியிருந்தது துப்பாக்கியிடமிருந்தும் ஈட்டியிடமிருந்தும். அந்த அளவில் சட்டம் தன் வேலையைச் செய்தது. ஜாக் 1912 வரை கப்பல்களோடு ஆடிற்று, அதன்பின் காணப்படவில்லை.

ஓங்கில் ஏன் கப்பலை நாடி வருகிறது? இக்கேள்வியை அறிவியலாளர் கையில் எடுத்ததற்குப் பின்னே ஒரு சுவையான வழக்கு உண்டு. 1936இல் இங்கிலாந்தின் விலங்கியலாளர் ஜேம்ஸ் கிரே ஒரு கணக்குப் போட்டார். இந்தியப் பெருங்கடலில் சென்ற ஒரு கப்பலின் பின்முனையிலிருந்து முன்முனைக்கு ஓர் ஓங்கில் 7 விநாடியில் கடந்ததாகக் குறிப்பு இருந்தது. அதிலிருந்து அதன் வேகம் மணிக்கு 20 கடல்மைல் என்று கொண்டார். அவ்வேகத்துக்கு வேண்டிய ஆற்றலைக் கணித்தார். பிற பாலூட்டிகளின் தசையைப்போல் ஏழு மடங்கு வலிமை இருந்தாலன்றி இது இயலாது என்று விடை வந்தது. கிரேயின் புதிர் என்று இது பெயர் பெற்று, அறிஞர்களைப் பல பத்தாண்டுகள் அலைக்கழித்தது. பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டிய பிழைகளுள் ஒன்று நமக்கு உரியது: அந்த ஓங்கில் நீந்தியது கப்பலை ஒட்டி, கப்பல் எழுப்பிய அலையின் உந்துதலும் அந்த ஏழு விநாடியில் கலந்திருக்கக்கூடும்.

அசையாத உடலோடு ஓங்கில்கள் முகப்பு அலையில் மிதந்து செல்வதை வுட்காக் 1948இல் நேச்சர் இதழில் எழுதினார். அதைத் தொடர்ந்து ஹேய்ஸ், ஷோலண்டர் முதலியோர் ஒரு பத்தாண்டுக்கு மேல் வாதிட்டனர். வாதம் புரிந்துகொள்ள எளிது. பலகைமேல் நிற்கும் மனிதன் அலைச்சரிவில் வழுக்குவது தன் எடையால். நீருள் மூழ்கிய ஓங்கிலின் எடையை நீரே தாங்கிவிடுகிறதே, எது அதை இழுக்கும்? ஹேய்ஸின் விடை இது: எடை நேர்கீழாக இழுக்கிறது, நீரின் தாங்குவிசையோ அலைச்சரிவுக்குச் செங்குத்தாக, சற்று முன்சாய்ந்து தள்ளுகிறது. இரண்டும் முழுதாக ஒன்றையொன்று அழிப்பதில்லை. மிச்சமாக நிற்கும் சிறு விசை முன்னோக்கி உந்துகிறது. வாலை அசைக்கத் தேவையில்லை. ஷோலண்டர் இதை ஏற்காமல், வால்துடுப்பைச் சாய்த்துப் பிடிப்பதில்தான் மறைபொருள் இருக்கிறது என்று கப்பல் முகப்பில் தகடு கட்டிச் சோதித்தார். கப்பலின் முன்னே உருவாகும் அழுத்தமே தள்ளுகிறது என்று 1960இல் ஃபேயரும் பாக்கஸும் எழுதினர்.

1992இல் டெர்ரி வில்லியம்ஸ் குழுவினர் பழக்கிய ஓங்கில்களின் இதயத்துடிப்பையும் மூச்சையும் அளந்தனர். விநாடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் தானே நீந்தும்போது ஆகும் அளவு முயற்சியிலேயே, படகின் அலையில் ஏறி 3.8 மீட்டர் வேகத்தில் அது செல்கிறது. ஆக, அலையேறுதல் சிக்கனம், கட்டணமில்லாப் பயணம். விளையாட்டு என்று முன்னோர் சொன்னது வெறும் கவிமனத்தின் மயக்கம் என்று வழக்கை முடித்துவிடலாமா?

முடிக்க இயலாது என்றே நினைக்கிறேன். பயணம் போகிறவனுக்குத்தான் கட்டணம் மிச்சம். கரையில் உடையும் அலையில் ஏறும் ஓங்கில் எங்கும் பயணம் போவதில்லை. அது கரையை நோக்கி வழுக்கி வருகிறது. ஆழம் குறையும் கடைசி நொடியில் உடலைத் திருப்பி அலையின் முதுகு வழியே வெளியேறுகிறது. எதிர்நீச்சலிட்டுப் பழைய இடத்துக்கே போகிறது. அடுத்த அலைக்குக் காத்திருக்கிறது. அட்லாண்டிக் கரையில் கண்ட இத்தகைய அலையாடலை கால்ட்வெல், ஃபீல்ட்ஸ் இருவரும் 1959இலேயே பதிவுசெய்தனர். நியூசிலாந்தின் தென்கோடியில் கேட்லின்ஸ் பகுதியிலுள்ள போர்பாய்ஸ் குடாவில் கோடைதோறும் ஹெக்டர் ஓங்கில்கள் இப்படி ஆடுகின்றன. ஒன்றரை மீட்டரே நீளமுள்ள, வட்டமான முதுகுத்துடுப்பு உடைய, அந்நாட்டுக் கடலன்றி வேறெங்கும் வாழாத சிற்றினம் அது. போன தொலைவையெல்லாம் திரும்ப நீந்தித் தீர்க்கும் இந்த ஆட்டத்தில் எந்தச் சிக்கனத்தைக் காண்பது? நம் ஊர்ச் சிறுவர்கள் மணல்மேட்டில் ஏறிச் சறுக்கி மறுபடியும் ஏறுவதற்கு என்ன பெயரோ அதே பெயர்தான் இதற்கும்.

இரண்டாம் ஆணைக்கு வருவோம். வடதீவின் மேற்கே ஹோக்கியாங்கா என்னும் நீண்ட கழிமுகத்தின் கரையில் ஓபோனோனி என்றொரு சிற்றூர். 1955ஆம் ஆண்டில் இளம் ஓங்கில் ஒன்று அங்கே படகுகளைத் தொடரத் தொடங்கியது. துடுப்பால் முதுகைச் சொறிந்துவிட்டால் நிற்கும். பழைய நினைவில் ஓபோனோனி ஜாக் என்றார்கள். பெண் என்று பின்னர் தெரிந்தது. ஓபோ என்று நிலைத்தது. அவ்வாண்டின் டிசம்பரில் கோடை பிறந்ததும் அது கரையருகே, இடுப்பளவு நீரில், குழந்தைகளிடையே வந்து ஆடியது. பந்தை மூக்கால் எறிந்தது. வெற்றுப் புட்டிகளைத் தூக்கி விளையாடியது. தனக்குப் பிடித்த ஒரு சிறுமியைச் சற்றுத் தொலைவு முதுகில் சுமந்தது. பிளினியின் மடலை ஏளனமாகப் படித்த தலைமுறைகளுக்குப் படச்சுருளோடும் ஒளிப்படங்களோடும் மறுமொழி வந்து சேர்ந்தது. 1960இல் ஆன்டனி ஆல்பர்ஸ் ஓங்கில்களைப் பற்றி நூல் எழுதியபோது, பழைய கிரேக்க, ரோமானியக் கதைகளை மறுபடியும் எடுத்துவைத்து இதனோடு ஒப்பிட முடிந்தது.

மண்சாலை வழியே ஓர் ஊருக்கு ஒரே நாளில் ஆயிரம் இரண்டாயிரம் பேர் வந்து இறங்கினால் என்ன ஆகும்? ஹிப்போவைப் போலன்றி ஓபோனோனி மகிழ்ந்தது. கூட்டத்தில் சண்டை சச்சரவு குறைந்திருந்தது என்றும், அறிமுகமில்லாதவர்கள் தமக்குள் கதைபேசினர் என்றும் கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். உடையோடு நீரில் இறங்கியவர்கள் பலராம். அதே கூட்டத்தில் அதன் துடுப்பைப் பற்றி இழுத்தவர்களும், புரட்டிப் பார்க்க முயன்றவர்களும் இருந்தனர். ஊரார் குழு அமைத்தனர். எங்கள் களிகொள் ஓங்கிலைச் சுட முயலாதீர் என்று ஊரின் எல்லையில் பலகை வைத்தனர். ஆணை வேண்டி அரசுக்கு எழுதினர்.

ஹோக்கியாங்காவில் ஓங்கில்களைப் பிடிப்பதையும் துன்புறுத்துவதையும் தடைசெய்யும் ஆணை 1956 மார்ச் 8 அன்று பிறந்தது. மார்ச் 9 அன்று ஓபோ, கூட்டு முனை என்னுமிடத்தில் பாறை இடுக்கில் இறந்து கிடந்தது. வற்றத்தில் சிக்கிக்கொண்டது என்பர் சிலர்; மீன்பிடிக்க வெடிவைத்தவர்களால் நேர்ந்தது என்பர் வேறு சிலர். ஊரின் போர் நினைவு மண்டபத்துக்கு அருகே மவோரி முறைப்படி மரியாதையோடு அடக்கம் செய்தனர். ரஸ்ஸல் கிளார்க் என்னும் சிற்பி ஒரு சிறுவனும் ஓங்கிலும் ஆடுவதைக் கல்லில் வடித்தார்.

பெலோரஸ் ஜாக் ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆடியது. ஓபோவுக்குக் கிட்டியது ஒரு கோடை. ஒன்று ஆடியது நடுநீரில், கப்பலின் அலையில். மனிதர்கள் தளத்தின் மேலிருந்து கைபிடிக் கம்பியில் சாய்ந்து பார்த்தனர். மற்றொன்று ஆடியது கைக்கெட்டும் நீரில். இந்த வேறுபாட்டை எண்ணாமல் இரண்டு வாழ்க்கையையும் என்னால் படிக்க இயலவில்லை. 2007 முதல் வடதீவின் கிழக்குக் கரையில் மோக்கோ என்றொரு ஓங்கில் இதேபோல் மனிதரோடு பழகியது. 2008 மார்ச்சில் மாஹியா கரையில் மணல்திட்டில் மாட்டிக்கொண்ட குறுந்திமிங்கிலத் தாயையும் கன்றையும் ஆழ்நீருக்கு இட்டுச்சென்று உலகச் செய்தியாயிற்று. 2010 ஜூலையில் மாட்டகானா தீவில் அதன் உடல் ஒதுங்கியது.

இதற்கிடையில் சட்டமும் வளர்ந்தது. 1978இல் கடல்வாழ் பாலூட்டிகள் அனைத்துக்கும் பொதுவான காப்புச் சட்டம் வந்தது. 1988இல் ஹெக்டர் ஓங்கில்களை வலையிலிருந்து காக்க பேங்க்ஸ் தீபகற்பத்தைச் சுற்றிக் காப்பிடம் அமைந்தது. துப்பாக்கியும் வெடியும் பெரும்பாலும் ஒழிந்தன. ஆனால் வலை ஒழியவில்லை. ஹெக்டரின் கிளையினமான மாவி ஓங்கில் 2020–21 கணக்கீட்டில் சுமார் 54 மட்டுமே எஞ்சியிருந்தது. வலையின் கதை தனிக் கட்டுரைக்குரியது.

மூன்றாம் ஆணையைத் தோற்றுவித்தது வேறொன்று. ஹோக்கியாங்காவுக்கு நேர் கிழக்கே, அதே வட்டாரத்தின் மறுகரையில், தீவுகள் குடா இருக்கிறது. ஓங்கில்களோடு நீந்தலாம் என்று பயணிகளைப் படகேற்றிச் செல்லும் தொழில் அங்கே பெருகியது. ஓபோவின் கோடையைக் கட்டணம் பெற்று நாள்தோறும் நடத்தினார்கள் எனலாம். 1999ஆம் ஆண்டோடு ஒப்பிட, அங்கு வரும் புட்டிமூக்கு ஓங்கில்கள் 66 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2019இல் அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. அடிக்கடி வருபவை 19 மட்டுமே. குறைந்தவை எல்லாம் மாண்டவை என்று கொள்ள வேண்டியதில்லை. வேறு நீர்களுக்கு விலகிப் போனவையும் இருக்கும். ஆனால் பிறக்கும் கன்றுகளில் நூற்றுக்கு 75 இறக்கின்றன என்ற எண்ணுக்கு அப்படிச் சமாதானம் சொல்ல இயலாது. படகுகளும் நீந்துவோரும் சூழ்ந்திருக்க, அவற்றின் ஓய்வும் இரைதேடலும் கெட்டன. மிகையாக நேசித்தோம் என்ற பொருள்பட அத்துறையே சொல்லிற்று. ஓர் அரசுத்துறை இப்படிப் பேசியது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

அந்த ஆண்டே அக்குடாவில் புட்டிமூக்கு ஓங்கில்களோடு நீந்தும் பயணங்கள் நிறுத்தப்பட்டன. 2021 டிசம்பரில் குடா முழுவதும் காப்பிடமாயிற்று. படகுகள் 300 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. நீந்துவோரும் அவற்றை நாடிச் செல்லக்கூடாது. 1904இல் சுடுபவனிடமிருந்து காத்த சட்டம், 1956இல் துன்புறுத்துபவனிடமிருந்து காக்க முயன்று ஒரு நாள் முந்தத் தவறிய சட்டம், இப்போது தொட்டுத் தடவ வருபவனைத் தடுக்கிறது. ஹிப்போவின் ஊர்மன்றத்துக்கு இப்படியொரு விதி கையில் இருந்திருந்தால் ஆக்டேவியஸ் அவிட்டஸைத் தைலக் குப்பியோடு கரையிலேயே நிறுத்தியிருக்கலாம். ஆளுநரின் துணைவரை நிறுத்தும் துணிவு அம்மன்றத்துக்கு இருந்திருக்குமா என்று என் மாணவி கேட்பாள்.

300 மீட்டர் என்பது அதிகம், அவ்வளவு தொலைவிலிருந்து என்ன தெரியும் என்று படகுக்காரர்கள் முறையிட்டால் அதிலும் நியாயம் இருக்கும். அவர்களுடைய பிழைப்பு அது. ஆனால் போர்பாய்ஸ் குடாவில் நிலை வேறு. அங்கே கரைமணலில் அமர்ந்தபடியே, உடையப்போகும் அலையின் பச்சைச் சுவருக்குள் நாலைந்து சாம்பல் உடல்கள் வரிசையாக வழுக்கி வருவதைக் காணலாம். படகு தேவையில்லை. நீந்திப்போய் அவற்றைச் சூழாதீர்கள், அவையாக வந்தால் வரட்டும் என்பதே அங்கு செல்வோர்க்குச் சொல்லப்படும் அறிவுரை.